எட்டாத ஊசி

அத்தியாயம் ஐந்து

தேவதாஸுக்கு வாய் சும்மா இருந்தால் சோறு செரிக்காது. அப்படிப்பட்ட மனுஷன் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோ ஓட்டினார் என்றால், பின்சீட்டில் இருந்த இனியாவுக்கே அது பொறுக்கவில்லை.

"என்னண்ணே, வாய்க்கும் பெட்ரோல் போடணுமா?"

"நேத்து காலாப்பட்டு போயி மணியம்மாளப் பாத்துட்டு வந்தேன்ல, அதான். ஜெயிலுக்குள்ள நின்னுக்கினு, 'சாப்ட்டியா தேவா'ன்னு என்னைக் கேக்குது. இன்னா சொல்றது நான்?"

மணியம்மாளின் புருஷனும் தேவதாஸும் ஒரே மில்லில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். மில் மூடியபோது ஒருவர் செத்துப்போனார், இன்னொருவர் ஆட்டோ வாங்கினார். ஆட்டோ வாங்கியவர் பிறகு, இனியா துப்பறியும் ஆபீஸ் போட்ட கையோடு, அதற்கு டிரைவர், உதவியாளர், கூடவே உபத்திரவம் என்று எல்லாமாக ஆகிப்போனார். ஐம்பத்தைந்து வயதில் இப்படி ஒரு உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும்?

கேஸ் இதுதான். குருசுக்குப்பத்தில் யூஜின் என்று ஒரு பெரியவர். மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகிப் போன பிறகு, மாடியில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரோடு தனியே காலம் தள்ளியவர். ஈஸ்டர் அன்றைக்குக் காலையில் மாடிப்படியின் அடியில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பிளேயரில் இருந்த டோன் ஆர்ம், அதாவது ரெக்கார்டின் மேல் ஊசியைத் தாங்கிப் பிடிக்குமே அந்த நீளக் கை, அதைக் காணோம். அந்த இடத்தில் மட்டமான குட்டைக் கை ஒன்று நின்றது. பழைய சாமான் பைத்தியங்கள் வெளியூரிலிருந்தெல்லாம் வந்து அந்த நீளக் கையை விலைக்குக் கேட்டுவிட்டுப் போன கதை தெருவுக்கே தெரியும். வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது? சமையல்கார மணியம்மாளிடம். ஆளைக் கொண்டுபோய் உள்ளே போட்டுவிட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் மருமகன் ஜெரினும் மாமனாரைப் பார்க்க வந்து போயிருந்தார். ஆனால் அவருக்குப் பலமான சாட்சி ஒன்று இருந்தது. அவர் அங்கே இருந்த நேரத்தில் அவர் மனைவி, அதாவது பெரியவரின் மகள் ஸ்டெல்லாமேரி, உழவர்கரை வீட்டிலிருந்து அப்பா வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் செய்திருக்கிறாள். அப்பா ரெக்கார்டு கேட்டுக்கொண்டிருந்தாராம். அதில் வரும் கடைசிப் பாட்டு போனிலேயே கேட்டதாம். அப்படியானால் அதுவரைக்கும் நீளக் கை பிளேயரில்தான் இருந்திருக்கிறது. ஜெரின் வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தார். திருட்டு அதற்குப் பிறகு. அதற்குப் பிறகு வீட்டில் யார்? மணியம்மாள்தான்.

'மீன் வாங்கப் போயிருந்தேன். அன்னிக்குப் பாட்டுச் சத்தமே நான் கேக்கல' என்று மணியம்மாள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெற்ற மகளே கேட்டேன் என்கிறாள், சமையல்காரி பேச்சு எடுபடுமா?

வேடிக்கை என்னவென்றால், மணியம்மாளை வெளியே கொண்டுவரச் சொல்லி இனியாவிடம் வந்தவளும் அதே ஸ்டெல்லாமேரிதான். அம்மா செத்த பிறகு தலைவாரிப் பூ வைத்து ஸ்கூலுக்கு அனுப்பியது மணியம்மாள் என்று சொல்லி ஆபீஸிலேயே அழுதாள். "அவங்க செஞ்சிருக்க மாட்டாங்க. அந்த டோன் ஆர்ம் யார்கிட்ட இருக்குன்னு கண்டுபிடிங்க, திருடன் மாட்டிக்குவான்" என்றாள். அடையாளமும் சொன்னாள். கையின் பின்பக்கத்து எடைக்குண்டு மேல், பாரம் போதவில்லை என்று, பெரியவர் பழைய பிரெஞ்சு பிராங்க் காசு ஒன்றை ஒட்டி வைத்திருப்பாராம்.

பன்னிரண்டு அங்குல பழைய டோன் ஆர்ம் விற்பனைக்கு என்று கருவடிக்குப்பத்துக் கடை ஒன்று இன்டர்நெட்டில் போட்டிருந்தது. அதைத் தேடித்தான் இப்போது போகிறார்கள்.

"நான் யாரு?" என்றார் தேவதாஸ், இறங்கும்போது.

"பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன்காரர். நான் உங்க பொண்ணு."

"பென்ஷனே இல்லாதவனுக்குப் பிரெஞ்சுப் பென்ஷனா. நடத்துங்க."

கடை என்று சொல்ல முடியாது. வீட்டின் கார் ஷெட்டுக்கு ஏ.சி. போட்டிருந்தார்கள். உள்ளே ரேடியோ, ஸ்பீக்கர், பிளேயர் என்று இடுக்கு விடாமல் அடுக்கி, நடுவே கண்ணாடி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார் தமிழ்மாறன். நாற்பது வயசு இருக்கும்.

"போன்ழூர்" என்றார் தேவதாஸ், கூலிங்கிளாஸைக் கழற்றாமல்.

தமிழ்மாறன் முகமெல்லாம் மலர்ந்துபோய், வாடிக்கையாளர்களுக்காகப் படித்து வைத்திருந்த பிரெஞ்சில் மடமடவென்று ஏதோ கேட்டார். தேவதாஸுக்குத் தெரிந்த பிரெஞ்சு அந்த ஒரு வார்த்தையோடு தீர்ந்துபோயிருந்தது. காதைத் தொட்டுக் காட்டினார்.

"பீரங்கிச் சத்தத்துல போயிடுச்சு தம்பி. தமிழ்லயே கொஞ்சம் சத்தமா சொல்லு."

"காது கேக்காதவருக்கு டோன் ஆர்ம் எதுக்கு சார்?"

"ஒரு காது கேக்கும். அதனாலதான் பாதி விலைக்குக் கேக்கலாம்னு வந்தோம்."

இனியா சிரித்து மழுப்பி, பன்னிரண்டு அங்குலக் கை வேண்டும் என்றாள். தமிழ்மாறன் உடனே எடுத்துக் கொடுக்கிற ஆளில்லை. மேஜைமேல் வெல்வெட் துணியை விரித்து, மூன்று கைகளை வரிசையாக வைத்தார். ஒன்று நேராக இருந்தது, ஒன்று பாம்பு மாதிரி வளைந்திருந்தது, ஒன்று ரொம்பக் குட்டை.

"முதல்ல ஒண்ணு கேக்கறேன். உங்க பிளேயர்ல கை நிக்கிற ஓட்டைக்கும் நடு ஆணிக்கும் எவ்வளவு தூரம்னு அளந்தீங்களா?"

"அளக்கல."

"அதை அளக்காம இங்க வரவே கூடாது மேடம். ஜாதகம் பாக்காம மண்டபம் புக் பண்ண மாதிரி ஆயிடும். நீளக் கைக்குப் போட்ட ஓட்டையில குட்டைக் கைய நட்டா ஊசி நடு வரைக்கும் எட்டாது. குட்டைக்குப் போட்ட ஓட்டையில நீளத்த நட்டா, ஆணியத் தாண்டிப் போயி நிக்கும். அழகா இருக்குன்னு வாங்கிட்டுப் போயி, மறுநாளே திருப்பிக் கொண்டுவர்றவங்க எத்தனை பேர் தெரியுமா?"

நேர்க் கையை எடுத்து, இரண்டு விரலால் மெல்ல ஆட்டிக் காட்டினார். "பழசு வாங்கறப்ப பளபளப்பப் பாக்காதீங்க. இந்த மூட்டு லூசா ஆடுதான்னு பாருங்க. குண்ட முன்னே பின்னே நகர்த்தி நிறுத்தினா, கை அந்தரத்துல நிக்கணும். ஊதினா நகரணும், ஊதறத நிறுத்தினா நிக்கணும். நடுவுல எங்கயாவது முக்கிச்சுன்னா பேரிங் போச்சுன்னு அர்த்தம்."

"எனக்கும் மூட்டு லூசுதான்" என்றார் தேவதாஸ். "ஊதினா நான் விழுந்துடுவேன்."

"கடைசியா ஒண்ணு. யார் கையில இருந்ததுன்னு கேட்டு வாங்கணும். வெச்சிருந்தவன் எப்படியோ சாமானும் அப்படித்தான்."

இப்படிச் சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்து, நான்காவதாக ஒன்றை எடுத்து வைத்தார். முழங்கை நீளத்துக்கு இருந்தது. பின்பக்கத்துக் குண்டின் மேல், தேய்ந்துபோன வெள்ளைக் காசு ஒன்று ஒட்டியிருந்தது. தேவதாஸ் குனிந்து அந்தக் காசையே பார்த்தார். மணியம்மாள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றாள். இந்தத் தகரக் குச்சிக்காகவா அவள் கம்பிக்குப் பின்னால் நிற்கிறாள் என்று ஆத்திரமாக வந்தது. கடைக்காரனை அப்படியே கழுத்தைப் பிடித்துவிடலாமா என்று பார்த்தார். இனியா மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள்.

"இது யார் கையில இருந்தது?" என்று கேட்டாள் இனியா. "நீங்களே கேக்கணும்னு சொன்னீங்களே."

தமிழ்மாறன் கொஞ்சம் நெளிந்தார். "கேட்டேன் மேடம். மாமாவோடதுன்னார். ஆளு கொஞ்சம் ஒரு மாதிரிதான். நெத்தியில கரி அப்பியிருந்துது. அடுப்பு மூட்டிட்டு அப்படியே வந்துட்டாரோன்னு, தண்ணி தரட்டுமா, கழுவிக்கிறீங்களான்னு கேட்டேன். சட்டுனு கையால மூடிக்கிட்டார். நான் திண்டிவனத்துக்காரன், இங்க வந்து ஒரு வருஷம்கூட ஆகல. ஊர்ல எப்படி எப்படியோ ஆளுங்க இருக்காங்கன்னு விட்டுட்டேன்."

"வித்துட்டாரா?"

"அடமானம் மாதிரி. நாப்பது நாள் யாருக்கும் குடுக்காதீங்க, அதுக்குள்ள பணத்தோட வந்து எடுத்துக்கறேன்னார். அவசரமா பணம் தேவைப்பட்டிருக்கு போல. கூடவே, 'எதாவது ஒரு பழைய கை குடுங்க, அந்த இடத்துல நட்டு வைக்கணும்'னு கேட்டார். சூட்கேஸ் பிளேயர்லேர்ந்து கழட்டின குட்டை ஒண்ணு கிடந்துது, குடுத்தேன். இது எட்டாது சார், பாதி ரெக்கார்டுகூடத் தாண்டாதுன்னு சொன்னேன். 'பாடவே வேணாம், துணிக்கு அடியில மேடு தெரிஞ்சா போதும், நாப்பது நாளைக்கு யாரும் தொடமாட்டாங்க'ன்னார். எந்த வீட்டுல மேடம் பிளேயர நாப்பது நாள் தொடாம வெச்சிருப்பாங்க?"

இனியாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. தேவதாஸ் அதைப் பார்த்தார். அவள் பையிலிருந்து தன் கார்டை எடுத்து வெல்வெட் துணிமேல் வைத்தாள். அதைப் படித்ததும் தமிழ்மாறன் எழுந்து நின்றுவிட்டார்.

"திருட்டுச் சாமானா மேடம்? சத்தியமா எனக்குத் தெரியாது. கெடு தாண்டியும் அவர் வரல, அதான் நெட்ல போட்டேன்."

"நம்பறேன். இதை யாரும் தொட வேணாம். போலீஸ் வந்து கேட்டா, எங்ககிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க. அந்த ஆளப் பாத்தா அடையாளம் தெரியுமா?"

"கரி இல்லாட்டியும் தெரியும்."

ஆட்டோவில் ஏறியதும் தேவதாஸ் கிளப்பவில்லை. திரும்பி உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியல. கரிக்கடைக்காரனா அவன்?"

"சாம்பல்ண்ணே. சாம்பல் புதன் அன்னிக்குக் கோயில்ல ஃபாதர் நெத்தியில சாம்பல்ல சிலுவை போடுவார். பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறார். வருஷா வருஷம் சவாரி ஏற்றியிருக்கிறார்.

"அன்னிலேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம். ஞாயித்துக்கிழமைய விட்டுட்டு நாப்பது நாள்னு கணக்கு. யூஜின் வீட்டுல அந்த நாப்பது நாளும் பாட்டு கிடையாது. கோயில்ல சுரூபங்கள, அதான் சாமி சிலைங்கள, மூடற மாதிரி பிளேயர் மேல ஊதாத் துணி போத்திடுவார். ஈஸ்டர் அன்னிக்கு அவரே எடுத்தாதான் உண்டு, வேற யாரும் கை வைக்கக்கூடாதுன்னு ஸ்டெல்லாமேரி சொன்னாங்கல்ல. துணி போத்தின அன்னிக்கே கைய மாத்தியாச்சு. ஈஸ்டருக்குள்ள மீட்டுக் கொண்டுபோயி நட்டுடலாம்னு நினைச்சிருக்கான். பணம் பொரளல."

"அப்போ வீட்டு ஆளு. நெத்தியில சாம்பல் வாங்கற ஆளு. மாமான்னு கூப்பிடற ஆம்பளை." தேவதாஸ் ஹேண்டில்பாரில் ஒரு குத்து விட்டார். "ஜெரின். மணியம்மாளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஸ்டேஷனுக்கு விடட்டுமா?"

"திருட்டு அவன்தான்னு சொல்லலாம். கொலைக்கு அது போதாது. பெரியவர் சந்தோஷமா பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தார்னு சாட்சி இருக்கே."

"ஆமாம், கடைசிப் பாட்டு..."

தேவதாஸ் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். சாம்பல் புதன் முதல் அந்தப் பிளேயரில் நின்றது குட்டைக் கை. பாதிகூட எட்டாத ஊசி, கடைசிப் பாட்டை எப்படிப் பாடும்?

"அதைக் கேட்டேன்னு சொன்னது நம்ம ஸ்டெல்லாமேரி" என்றார், குரல் இறங்கிப்போய்.

"அதான்ண்ணே எனக்கு மனசே சரியில்ல. குருசுக்குப்பம் போங்க. அவங்களச் சாவியோட வரச் சொல்றேன்."

ஸ்டெல்லாமேரி அப்பா வீட்டு மாடி ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஈஸ்டரிலிருந்து கறுப்புப் புடவைதான். இன்னும் அரை மணியில் வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போவார் என்றாள். ஊதாத் துணி நாற்காலி முதுகில் கிடந்தது. பிளேயரில் குட்டைக் கை, பெரிய வண்டியில் சின்னச் சக்கரம் மாட்டின மாதிரி, பொருந்தாமல் நின்றது.

"ஈஸ்டருக்கு அப்பா போடற ரெக்கார்டு எது?" என்று கேட்டாள் இனியா.

"அம்மாவுக்குப் பிடிச்சது. வருஷா வருஷம் அதுதான் முதல்ல. கடைசிப் பாட்டு வர்றப்ப அம்மா அடுப்ப அணைச்சுட்டு வந்து உக்காருவாங்க." எடுத்துக் கொடுக்கும்போது ஸ்டெல்லாமேரியின் விரல்கள் அட்டையைத் தடவின.

இனியா ரெக்கார்டை வைத்துச் சுற்றவிட்டு, ஊசியை இறக்கினாள். ஒரு பெண் பிரெஞ்சில் பாட ஆரம்பித்தாள். குரல் கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்தது. முதல் பாட்டு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதின் நடுவில் கை விறைத்து நின்றது. அதற்குமேல் நகர அதற்கு நீளமில்லை. ஒரே சொல்லை டக், டக் என்று திரும்பத் திரும்ப இடித்துக்கொண்டிருந்தது. இன்னும் அரை ரெக்கார்டு தொடப்படாமல் கிடந்தது.

தேவதாஸுக்கு ஏதாவது கிண்டலாகச் சொல்லலாம் போல இருந்தது. ஸ்டெல்லாமேரியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"இந்தக் கை சாம்பல் புதன்லேர்ந்து இங்கதான் நிக்குது" என்றாள் இனியா. "நீளமானத மாமாவோடதுன்னு சொல்லி ஒரு ஆம்பளை கருவடிக்குப்பத்துக் கடையில குடுத்திருக்கார், நெத்தியில சாம்பலோட. ஈஸ்டர் அன்னிக்கு இதுல கடைசிப் பாட்டு வந்திருக்கவே முடியாது. நீங்க என்ன கேட்டீங்க, ஸ்டெல்லா?"

ஸ்டெல்லாமேரி ஊசியை எடுத்துவிட்டாள். ரெக்கார்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் கேக்கல" என்றாள். "போன எடுத்தது அவர். அப்பா பாட்டு கேட்டுக்கிட்டு இருக்காரு, அப்புறம் பேசுன்னு வெச்சுட்டார். அதுக்கப்புறம் அப்பா போயிட்டார்னு சேதி வந்துது. போலீஸ் வர்றதுக்கு முன்னாடி அவர்தான் சொன்னார். 'நான் அங்க இருந்தேன், வீணா என்னைச் சந்தேகப்படுவாங்க, பாட்டுச் சத்தம் கேட்டுதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு'ன்னார். கடைசிப் பாட்டுன்னது நானா சேத்துக்கிட்டது. அப்பா அதைத்தான் போட்டிருப்பார்னு நினைச்சேன். அதைக் கேட்டுக்கிட்டே போயிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணிச்சு. மணியம்மாவப் பிடிப்பாங்கன்னு சத்தியமா தெரியாது."

"பிடிச்சப்புறமாவது சொல்லியிருக்கலாமே" என்றார் தேவதாஸ். எவ்வளவு அடக்கியும் குரலில் கோபம் வந்துவிட்டது. "அந்தப் பொம்பள உள்ள கிடந்து சாகுது."

"சொன்னா அவர் மாட்டிக்குவாரேண்ணே. என் புருஷனாச்சே. ராத்திரி படுத்தா மணியம்மா முகம் வருது, எழுந்தா அவர் முகத்தப் பாக்கணும். அதான் உங்ககிட்ட வந்தேன். வேற யாராவது ஒரு திருடன் அகப்பட்டா ரெண்டு பேரும் தப்பிச்சுக்குவாங்கன்னு. தினமும் செபமாலை சொல்லி அதைத்தான் வேண்டிக்கிட்டேன்."

கிளையண்ட் காசு கொடுத்துத் தேடச் சொன்னது திருடனை இல்லை, தன் புருஷனாக இல்லாத ஒரு திருடனை. இத்தனை வருஷத்தில் தேவதாஸ் இப்படி ஒரு கேஸைப் பார்த்ததில்லை. கோபப்படுவதா, பாவப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

கீழே பைக் சத்தம் கேட்டது.

மூன்று பேரும் இறங்கிப் போனார்கள். பெரியவர் விழுந்து கிடந்த இடம் வந்ததும் ஸ்டெல்லாமேரி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்தாள். வாசலில் ஜெரின் பைக்கில் உட்கார்ந்தபடியே, "கிளம்பலாமா?" என்றார். பிறகுதான் இனியாவைக் கவனித்தார்.

"அப்பாவோட டோன் ஆர்ம் கிடைச்சிடுச்சு" என்றாள் ஸ்டெல்லாமேரி. "கருவடிக்குப்பத்துல. கடைக்காரருக்கு உங்கள நல்லா ஞாபகம் இருக்காம்."

ஜெரின் ஹெல்மெட்டைக் கழற்றப் போனவர், கழற்றவில்லை. தாடைப் பட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் தள்ளல ஸ்டெல்லா" என்றார். "துணிய எடுத்துப் பாத்துட்டு என் சட்டையப் பிடிச்சார். படி வரைக்கும் விடவே இல்ல. கைய உதறினேன், அவ்வளவுதான். ஒரே நிமிஷம்."

"சரி, வாங்க. அதையே ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. நானும் வர்றேன். நான் சொன்ன பொய்யும் இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். அது சரி என்றா, மாட்டேன் என்றா என்று புரிவதற்குள் பைக் உறுமிக்கொண்டு ஈ.சி.ஆர். பக்கம் பாய்ந்தது. தேவதாஸ் ஐம்பத்தைந்து வயதை மறந்து ஓடிப்போய் ஆட்டோவைக் கிளப்பினார்.

"ஏறுங்க சீக்கிரம். சிக்னல்ல மடக்கிடலாம்."

ஸ்டெல்லாமேரி ஏறி உட்கார்ந்தாள். ஆனால் கையை எதிர்ப்பக்கம் காட்டினாள்.

"அவர் பின்னாடி போக வேணாம்ண்ணே. அவரப் போலீஸ் பாத்துக்கட்டும். ஸ்டேஷனுக்கு விடுங்க, நான் வாக்குமூலத்த மாத்தணும்." பக்கத்தில் ஏறிய இனியாவின் கையைப் பிடித்தாள். "நான் போயி சொன்னதும் மணியம்மாவ இன்னிக்கே விட்டுடுவாங்களா?"

"இன்னிக்கு விடமாட்டாங்க" என்றாள் இனியா. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "கோர்ட்டு இருக்கு, வக்கீல் இருக்கு. நாளாகும்."

ஸ்டெல்லாமேரி பைக் போன திசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்போ இன்னும் வேகமாப் போங்கண்ணே" என்றாள்.